உடன் வருபவர்

கழுத்தில் தொங்கிய அட்டையில் என் பெயர் இல்லை. மாமாவின் பெயர், அவருடைய பட்டறையின் பெயர், அதற்குக் கீழே ரோஸ் நிறப் பட்டையில் 'உடன் வருபவர்'. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மூன்று வி.எம்.சி. மெஷின்களை வைத்து அலுமினிய உதிரிபாகங்கள் செய்து கொடுக்கிறார். அவர்கள் துறைக்காரர்களின் ஆண்டு மாநாடு இந்த முறை ஓசூரிலேயே ஓர் ஓட்டலில் நடந்தது. தம்பதியாகப் பதிவு செய்தால் தள்ளுபடி என்று இரண்டு பேருக்கும் பணம் கட்டியிருந்தார். அக்காவுக்கு முழங்கால் வலி.

"கட்டின காசு வீணாப் போகுது, நீ போயிட்டு வாடா. சாப்பாடு இருக்கு, சாயந்திரம் பாட்டுக் கச்சேரி இருக்கு, ரெண்டாம் நாள் தொரப்பள்ளிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். எழுதறதுக்கு எதாவது கிடைக்கும்" என்றாள் அக்கா.

நீலப் பட்டை உறுப்பினருக்கு, மஞ்சள் ஸ்பான்சருக்கு, ரோஸ் எங்களுக்கு. ரோஸ் பட்டைக்கு அரங்கத்துக்குள் நுழைய அனுமதி கிடையாது. டீ, மதியச் சாப்பாடு, சுற்றுலா, கச்சேரி ஆகியவற்றுக்கு உண்டு. பேச்சுகளிலிருந்து தப்பித்தேன். மிச்சமிருந்த மாநாடு முழுவதும் எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் காலையிலேயே அரங்கக் கதவு திறந்திருந்த ஒரு சந்தில் நின்று பார்த்தேன். இரண்டு வரிசையாக நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். எதிரில் இருப்பவரோடு மூன்று நிமிடம் பேச வேண்டும். மணி அடித்ததும் ஒரு வரிசைக்காரர்கள் எழுந்து அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். வேக அறிமுகம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. மாமா பதினோரு பேரைப் பார்த்து, பதினோரு விசிட்டிங் கார்டோடு வியர்த்துப்போய் வெளியே வந்தார்.

"என்ன மாமா பேசினீங்க?"

"பேரு, ஊரு, எத்தனை மெஷின் இருக்கு, எந்த டாலரன்ஸ் வரைக்கும் போவோம். அவரும் அதையேதான் சொன்னாரு. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க, மாப்ள."

டீ இடைவேளையில் இன்னொரு காட்சி. பெரிய வண்டிக் கம்பெனி ஒன்றின் பர்ச்சேஸ் அதிகாரி பிஸ்கட் தட்டோடு நின்றார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவைச் சுற்றி நிற்பதுபோல் அவரைச் சுற்றி முப்பது பேர். அவர் சிரித்தால் முப்பது பேரும் சிரித்தார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே ஹீட் ட்ரீட்மென்ட்காரர்கள் ஒரு மூலையிலும், பிளேட்டிங்காரர்கள் ஒரு மூலையிலும், பெங்களூரிலிருந்து வந்தவர்கள் கன்னடம் பேசிக்கொண்டு ஜன்னலோரமாகவும் ஒதுங்கியிருந்தார்கள். எல்லோரையும் கலக்கத்தான் அந்த இடைவேளை. ஏற்கெனவே தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கத்தான் அது பயன்பட்டது. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கூடிப் பேசித் தொழில் வளர்ப்பது ஒன்றும் புதிய யோசனை அல்ல. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் நண்பர்களோடு தொடங்கிய சங்கத்துக்கு ரோட்டரி என்று பெயர் வந்ததே, கூட்டத்தைச் சுழற்சி முறையில் ஆளுக்கொரு வாரம் ஆளுக்கொரு அலுவலகத்தில் நடத்தியதால்தான். 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.என்.ஐ. இப்போது தமிழ்நாட்டுத் தொழில் நகரங்களில் வாரம் ஒருமுறை விடியற்காலையிலேயே கோட்டு மாட்டியவர்களை இட்லித் தட்டோடு உட்காரவைக்கிறது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைப்பதுதான் அங்கே பேச்சு. ஜனவரி வந்தால் ஓசூர்ப் பட்டறைக்காரர்கள் வேன் பிடித்து, பெங்களூரின் மறுமுனையில் தும்கூரு சாலையில் நடக்கும் இம்டெக்ஸ் மெஷின் கண்காட்சிக்குப் போய்வருவார்கள். கண்காட்சியில் மெஷினைப் பார்ப்பதோடு சரி, வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசியதுதான் பிறகு ஆர்டர் ஆனது என்று மாமாவே சொல்லியிருக்கிறார். ஏழெட்டு மணி நேரம் டிராஃபிக்கில் ஒன்றாக மாட்டிக்கொண்டால் யாரும் சினேகமாகிவிடுவார்கள்.

மறுநாள் மதியம் இரண்டு பஸ்கள் தயாராக நின்றன. ரோஸ் பட்டைகளுக்கு முதல் பஸ்ஸின் முன்பாதி என்று ஏற்பாடு. ஏறிப் பார்த்தால் முன்பாதி முழுக்கப் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். பின்னால் போகலாமா என்று திரும்பினேன். "அண்ணா, உங்க பட்டையும் ரோஸ்தானே? இங்கயே உக்காருங்க" என்று ஒரு குரல். கன்னட வாடை கலந்த ஓசூர்த் தமிழ். உட்கார்ந்தேன்.

"நீங்க யார் கூட வந்தீங்க?"

சொன்னேன்.

"அக்கா வரலையா? இன்வாய்ஸ்ல அவங்க கையெழுத்துதானே வரும்? கொஞ்சம் சாய்ச்சுப் போடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவின் பட்டறை சட்டப்படி அக்காவின் பட்டறை. ஜி.எஸ்.டி. பதிவில் புரொப்ரைட்டர் அவள்தான். அது எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான். ஆனால் நினைவில் நின்ற விஷயம் அல்ல. மாநாட்டு அட்டையில் அவளும் 'உடன் வருபவர்' என்றுதான் அச்சாகியிருந்தாள். வந்திருந்தால் அந்த அட்டையைத்தான் மாட்டியிருப்பாள்.

பஸ் கிளம்பியது. பேச்சுக் கொடுத்து விசாரித்ததில், என்னைச் சுற்றியிருந்த ரோஸ் பட்டைகளில் ஏழு பேர் தங்கள் பட்டறைக்கு புரொப்ரைட்டர் அல்லது பார்ட்னர். காரணங்கள் பல. பெரிய கம்பெனியில் வேலையில் இருந்துகொண்டே சின்னதாக ஒரு ஷெட் போட்டவர்கள் தங்கள் பெயரில் போட முடியாது, மனைவி பெயரில் போட்டார்கள். பிறகு வேலையை விட்டு வந்தார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. சிலருக்குக் கடன் காரணம். 2016-இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன் கிடைத்தது. அரசு நிறுவனங்கள் வாங்கும் பொருளில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. காகிதத்துக்காகத்தான் பெயர் போட்டார்கள். ஆனால் காகிதத்தில் பெயர் இருப்பவர்தான் பேங்க்கில் போய் உட்கார வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், ஆடிட்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பத்து வருஷம் அதைச் செய்தவர் காகிதத்தில் மட்டுமா முதலாளி?

பஸ்ஸின் பின்பாதியில் அந்தாக்ஷரி தொடங்கிவிட்டது. தமிழ்ப் பாட்டுக்குத் தெலுங்குப் பாட்டுப் பதில், அதற்குக் கன்னடத்தில் எதிர்ப்பாட்டு. இந்த ஊரில் எழுத்து எந்த மொழியில் முடிந்தாலும் எடுத்துக் கொடுக்க ஒருவர் இருப்பார். முன்பாதியில் பாட்டு இல்லை, பணம்தான் பேச்சு. யார் எத்தனை நாளில் தருகிறார்கள், யார் செக் கொடுத்துவிட்டு வங்கியில் போடாதே என்று போன் செய்கிறார்கள், யாருடைய அக்கவுன்ட்ஸ் பிரிவில் யாரிடம் பேசினால் நடக்கும். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த 43பி-எச் பிரிவு அவர்களுக்கு மனப்பாடம். குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் தந்துவிட வேண்டும். தவறினால், எந்த ஆண்டில் பணம் தருகிறார்களோ அந்த ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்டலாம். "சட்டம் நமக்கு நல்லதுதான். ஆனா ஒருத்தர் என்ன சொன்னாரு தெரியுமா? உத்யம் பதிவைக் கேன்சல் பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றேன்னாரு" என்றார் ஒருவர். சிறு தொழில் என்பதற்கான அத்தாட்சிதான் உத்யம் பதிவு. மூன்று பேர் ஒரே நேரத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைச் சரியாக ஊகித்தார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. அரங்கத்துக்குள் மேடை போட்டு ஒரு மணி நேரம் பேசினாலும் கிடைக்காத தகவல் அது.

எனக்குப் பின்னால் இருந்த வயதானவர் ஜன்னலைக் காட்டினார். சிப்காட் வருவதற்கு முந்தைய ஓசூரை அவர் பார்த்திருக்கிறார். 1980 வாக்கில் இங்கே டி.வி.எஸ். 50 மொபெட் உருவாகத் தொடங்கியது, அசோக் லேலண்ட் வந்தது, சில வருடங்களில் டைட்டன் கடிகாரம் வந்தது. அவர்களுக்கு போல்ட்டும் பிராக்கெட்டும் செய்து கொடுக்க வந்த சின்னப் பட்டறைகளின் பிள்ளைகள்தான் இப்போது பின்பாதியில் பாடிக்கொண்டிருப்பவர்கள். சாலையோரம் ரோஜாப் பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் கூரை வெயிலில் மின்னியது. முந்தைய நாள் மேடையில் கொடுத்த பூங்கொத்தும் இந்தப் பக்கத்து ரோஜாதான். தென்பெண்ணை அருகில்தான் ஓடுகிறது. பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வருவதால், மழைக்காலத்தில் மேலே கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் வெள்ளைவெளேரென்று நுரை மலைபோல் கிளம்பும். அதைச் சொல்லிவிட்டு, "நாமளும் அதுல ஒரு சொட்டு சேத்திருப்போம்" என்றார் பிளேட்டிங் தொழில்காரரின் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

தொரப்பள்ளி ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். தெலுங்கில் தொர என்றால் துரை. "துரைப்பள்ளியில் பிறந்தவர் துரைமார் உட்கார்ந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார்" என்று சங்கச் செயலாளர் மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஊர்ப் பெயர் அப்படித்தான் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி விஷயம் உண்மை. 1878 டிசம்பர் 10-ஆம் தேதி இந்த ஊரில் முன்சீப்பின் மகனாகப் பிறந்த ராஜகோபாலாச்சாரி, 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை மவுன்ட்பேட்டனுக்கு அடுத்து கவர்னர் ஜெனரல் நாற்காலியில் இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த ஒரே இந்தியர், கடைசி ஆளும் அவர்தான்.

பஸ் நின்றதும் பேனரைப் பிடித்துக்கொண்டு குழுப்படம். முன்வரிசையில் நிர்வாகிகள், நடுவில் பர்ச்சேஸ் அதிகாரி, ஓரத்தில் ரோஸ் பட்டைகள். எதிர்பார்த்ததுதான்.

ராஜாஜி பிறந்த வீடு இப்போது அரசு பராமரிக்கும் நினைவு இல்லம். சின்ன வீடு. நூறு பேர் ஒரே நேரத்தில் உள்ளே போக முடியாது. பத்துப் பத்துப் பேராக விட்டார்கள். அந்தக் காத்திருப்புதான் எங்களுக்கு வாய்த்த வரப்பிரசாதம் என்று பிறகு தோன்றியது. உள்ளே சுவர்களில் புகைப்படங்கள். மூக்குக் கண்ணாடி, மொட்டைத் தலை, வெள்ளைக் கதர். காந்தியோடு நிற்கும் படத்தின் முன்னால் நான் கொஞ்சம் நின்றேன். இருவரும் சம்பந்திகள். ராஜாஜியின் மகள் லட்சுமியை காந்தியின் மகன் தேவதாஸ் 1933-இல் மணந்தார். ஆனால் எனக்கு நினைவு வந்தது அதற்குப் பதினான்கு வருஷம் முந்தைய கதை.

1919 மார்ச். ரௌலட் சட்டத்தை எதிர்த்து ஆதரவு திரட்ட காந்தி சென்னைக்கு வருகிறார். கதீட்ரல் சாலையில் ஒரு பங்களாவில் தங்குகிறார். தி ஹிந்து ஆசிரியர் கஸ்தூரி ரங்க ஐயங்காரின் விருந்தாளி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் தலைவர்கள் வருகிறார்கள், கூட்டம், பேச்சு. கூடவே வந்திருந்த மகாதேவ தேசாய்தான் விஷயத்தைச் சொல்கிறார்: நாம் அவர் விருந்தாளி இல்லை, சேலத்திலிருந்து வக்கீல் தொழிலுக்காகச் சென்னைக்குப் புதிதாக வந்திருக்கும் ராஜகோபாலாச்சாரியின் விருந்தாளிகள், இந்த மனிதரோடு நீங்கள் நெருங்கிப் பழக வேண்டும். வீட்டுக்காரரோ கூச்சத்தோடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். பழகுகிறார்கள். நாள் கணக்கில் பேசுகிறார்கள். ஒரு விடியற்காலையில், அரைத் தூக்கத்தில் காந்திக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. நாடு முழுக்க ஒருநாள் வேலையை நிறுத்தி உபவாசமும் பிரார்த்தனையும் இருப்பது. அதைச் சொல்வது முதலில் ராஜாஜியிடம்தான். மார்ச் 30 என்று குறித்து, பிறகு ஏப்ரல் 6 என்று மாற்றிய ஹர்த்தால் அப்படிப் பிறந்தது. காந்தியே இதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த பங்களா இருந்த இடத்தில் பின்னாளில் சோழா நட்சத்திர ஓட்டல் எழுந்தது. அங்கேயும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு எத்தனையோ மாநாடுகள் நடந்திருக்கும்.

மாநாடு என்றால் ராஜாஜிக்கும் புதிதல்ல. 1906-இல் கல்கத்தா காங்கிரஸுக்கும், மறு ஆண்டு சூரத்துக்கும் பிரதிநிதியாகப் போனவர். சூரத்தில் மேடைக்குச் செருப்பு பறந்தது. பிரோஸ்ஷா மேத்தா மேலும் சுரேந்திரநாத் பானர்ஜி மேலும் பட்டது. நாற்காலிகள் உடைந்தன. கட்சியும் இரண்டாக உடைந்தது. அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் எங்கள் மூன்று நிமிட மணியடி எவ்வளவோ சாத்வீகம்.

அதற்கும் முந்தைய 1901 கல்கத்தா காங்கிரஸைப் பற்றி காந்தி எழுதியதில் தமிழர்களுக்கு உறைக்கும் இடம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த இளம் வக்கீலான அவர், அங்கே கக்கூஸைச் சுத்தம் செய்தார், காங்கிரஸ் செயலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், சட்டைப் பொத்தான்கூடப் போட்டுவிட்டார். அந்த முகாமில் தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு மட்டும் தனிச் சமையலறை. அவர்கள் சாப்பிடும்போது மற்றவர்கள் பார்த்தாலே தீட்டாம். அதனால் தட்டி கட்டி மறைத்துக்கொண்டு, உள்ளேயே சமைத்து, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே கை கழுவினார்களாம். தேசத்தை ஒன்றுசேர்க்கக் கூடிய இடத்தில் பந்தி சேரவில்லை. ஓட்டலில் முதல் நாள் மதியம் சைவம், அசைவம், ஜெயின் என்று மூன்று கவுன்டர்கள். அது தீட்டு அல்ல, வசதி. ஆனால் தட்டோடு போய் நின்றபோது கஸ்டமர் ஒரு மேஜை, வெண்டர் ஒரு மேஜை என்று தானாகவே பிரிந்துகொண்டதை என்ன சொல்ல? தட்டிதான் கட்டவில்லை.

வெளியே வந்தால் தெருவில் வேறு காட்சி. உள்ளே போகக் காத்திருந்தவர்களுக்கு டீயும் மசால் வடையும் வந்திருந்தன. மேஜை இல்லை, கவுன்டர் இல்லை. ஒரு தூக்குப் பாத்திரம், காகிதக் கப்புகள், வடைக்குத் துண்டுச் செய்தித்தாள். டீ ஊற்ற ஆள் போதாமல் ரோஸ் பட்டைப் பெண்கள் இருவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். "சார், சர்க்கரை கம்மியா?" என்று ஒருவர் கேட்க, பர்ச்சேஸ் அதிகாரி கப்பை நீட்டிக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி இப்போது யாரும் இல்லை. வடை தீர்ந்துவிடும் என்ற பயத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்து அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் ஹீட் ட்ரீட்மென்ட்காரர் ஒருவர். முதல் நாள் முழுக்க அந்த வட்டத்துக்குள் நுழைய முடியாமல் நின்றவர். இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று காது கொடுத்தேன். பெங்களூரில் பிள்ளையைச் சேர்க்க எந்த ஸ்கூல் நல்லது என்பதுதான் விஷயம்.

பஸ்ஸில் என்னை உட்காரச் சொன்னவர் டீ ஊற்றி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். "உங்க மாமா அனோடைசிங் எங்க பண்றாரு?"

அலுமினியத்துக்கு நிறமும் உறுதியும் ஏற்றும் வேலை அது. மாமா பெங்களூர் பீன்யாவுக்கு அனுப்புவார் என்று மட்டும் தெரியும். சொன்னேன்.

"பீன்யாவா?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணா, தமிழ்நாட்டுக்குள்ளயே போனா 1 லட்சம் ரூபாய் வரைக்கும் இ-வே பில்லே வேண்டாம். அத்திப்பள்ளி தாண்டி ஜாப் ஒர்க்குக்குப் போனா நூறு ரூபாய் சரக்குக்கும் போடணும். போக ஒண்ணு, வர ஒண்ணு. சில்க் போர்டுல ரெண்டு மணி நேரம், கோரகுண்டேபாளையத்துல ஒரு மணி நேரம். வண்டி வாடகையைக் கணக்குப் போட்டுப் பாத்தாரா?"

அவர்களுக்கு ஓசூரிலேயே அனோடைசிங் லைன் இருக்கிறது. ஒரு ஷிஃப்ட் சும்மா கிடக்கிறது. டீ கூப்பனின் பின்பக்கத்தில் நம்பரை எழுதிக் கொடுத்தார். கார்டு இல்லையா என்று கேட்டேன். "கார்டு அவர் பேர்ல அடிச்சது. போன் எடுக்கறது நான்" என்றார்.

இரவு கச்சேரி முடிந்து காரில் திரும்பும்போது மாமா சோர்ந்திருந்தார். இரண்டு நாளில் நாற்பத்துச் சொச்சம் கார்டு சேர்த்திருந்தார். டாஷ்போர்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன.

"உனக்கு யாராச்சும் பழக்கமானாங்களா, மாப்ள?"

கூப்பனை நீட்டினேன். விளக்கைப் போட்டுப் படித்தார்.

"இவங்க வீட்டுக்காரரோடதான நேத்து மூணு நிமிஷம் உக்காந்தேன்! லைன் வச்சிருக்கோம்னு சொன்னாரு. ஃப்ரீயா இருக்குன்னு சொல்லவேயில்லையே?"

"நீங்க பீன்யாவுக்கு அனுப்பறீங்கன்னு சொன்னீங்களா?"

யோசித்தார். "அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவிடம் கூப்பனைக் கொடுத்தார். அவள் காலை நீட்டி வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நம்பரைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இவங்களா? டி.டி.எஸ். விஷயமா ஆடிட்டர் ஆபீஸ்ல பாத்துருக்கேன். காலையில நானே பேசிக்கறேன். ரேட் மட்டும் நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."